மூவர் நடுவே ஒருவன்

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் தம் மாணவனைப் பற்றி எழுதும் சொற்களுள் மிக எளிதாக எழுதப்பட்டுவிடும் சொல் "திருந்திவிட்டான்" என்பது. உயர்நிலைப் பள்ளிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், அச்சொல் எவ்வாறு பிறக்கிறது என்பதை நான் நன்கறிவேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் அடிதடியில் இறங்குகிறான். வகுப்பை விட்டு ஓடுகிறான். ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான். அவனை அழைத்துக் கண்டிக்கிறோம்; அறிவுரை கூறுகிறோம்; தனியே அமர்த்திப் பாடம் சொல்லித் தருகிறோம். அடுத்த நான்கு மாதங்களில் அவன் மீது முறையீடு எதுவும் வருவதில்லை. உடனே "திருந்திவிட்டான்" என்று எழுதிவிடுகிறோம். பிறகு அவன் பத்தாம் வகுப்பை முடித்து, மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வாயிலைக் கடந்து போகிறான். அதற்குப்பின் அவன் என்ன ஆனான் என்பது பள்ளிக்குத் தெரியாது. விதைத்தவன் அறுவடையைக் காணாமலே அடுத்த வயலுக்குப் போய்விடும் தொழில், ஆசிரியத் தொழில்.

இந்நாளில் வழிதவறும் பிள்ளைகளை நெறிப்படுத்துவதற்கென உலகமெங்கும் பள்ளிகளில் பலவகைத் திட்டங்கள் நடைபெறுகின்றன. சினத்தை அடக்கும் பயிற்சி, மனநல ஆலோசனை, தனி வகுப்பு, விடுமுறை முகாம் என அவற்றுக்குப் பல பெயர்கள். ஆண்டு இறுதியில் அறிக்கை எழுதப்படுகிறது. அதில் பிள்ளைகளும் பெற்றோரும் நன்றி தெரிவிக்கிறார்கள். அறிக்கை அத்துடன் முடிந்துவிடுகிறது. பதினான்கு வயதில் அளித்த பயிற்சி நாற்பது வயதில் என்ன செய்தது என்று தேடிச் சென்று கேட்டவர்கள் மிகச் சிலரே. ஓய்வு பெற்ற பின் என் படிப்பில் ஒரு பெரும்பகுதி அந்தச் சிலரைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. அவர்கள் கண்டறிந்தவற்றை நம் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரண்டு நகரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் சமூக அறவியலும் கற்பித்த ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர், அந்நகரங்களின் ஏழைச் சிறுவர்களுக்காகத் திட்டம் ஒன்றை வகுத்தார். அன்புள்ள ஒரு பெரியவரின் துணை தொடர்ந்து கிடைக்குமானால் எந்தச் சிறுவனும் குற்றத்தின் பக்கம் போகமாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. ஆசிரியர்களும் பிறரும் பரிந்துரைத்த சிறுவர்களிலிருந்து வயதாலும் குடும்பச் சூழலாலும் இயல்பாலும் ஒத்த இருவர் இருவராக இணை சேர்த்தனர். நாணயத்தைச் சுண்டி, ஒவ்வோர் இணையிலும் ஒருவனைத் திட்டத்தில் சேர்த்து, மற்றவனை அவன் போக்கிலேயே விட்டுவிட்டனர். இறுதிக் கணக்கில் நின்றவர்கள் 506 பேர்; உதவி பெற்றோர் 253, பெறாதோர் 253.

திட்டம் 1939-இல் தொடங்கி 1945 வரை நடைபெற்றது. கேபட் 1939-இலேயே காலமானார். ஆயினும் பணி நிற்கவில்லை. ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை சிறுவர்களின் வீடு தேடிச் சென்றனர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாடங்களில் தனிப்பயிற்சி அளித்தனர். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு உடல்நல, மனநலச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தனர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரைக் கோடை முகாம்களுக்கு அனுப்பினர். ஒரு சிறுவனுக்குச் சராசரியாக ஐந்தாண்டுகள் இத்துணை கிடைத்தது. இன்றைய திட்டங்களில் எத்தனை இவ்வளவு நீண்ட காலம் நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அம்மனிதரின் கனவு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

எட்வின் பவர்ஸ், ஹெலன் விட்மர் என்ற இருவர் 1951-இல் இதன் முதல் மதிப்பீட்டை நூலாக வெளியிட்டனர். உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு அப்போது தென்படவில்லை. பலன் வெளிப்படக் காலம் ஆகும் என்று நல்லெண்ணம் கொண்டோர் தம்மைத் தேற்றிக்கொண்டனர். ஜோன் மெக்கார்ட் என்ற அம்மையார் அத்துடன் விடவில்லை. 1975-ஆம் ஆண்டு முதல், நடுவயதை எட்டிவிட்ட அந்தச் சிறுவர்களைத் தேடத் தொடங்கினார். நீதிமன்றப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள், இறப்புப் பதிவுகள் அனைத்தையும் திரட்டினார். அவர்களுக்கே கடிதங்கள் எழுதி விடைகளையும் பெற்றார்.

விடை எழுதியவர்களில் மூன்றில் இரு பங்கினர், அத்திட்டம் தமக்கு உதவியாக இருந்தது என்றே கூறினர். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தம் ஆலோசகர்களை அன்போடு நினைவு கூர்ந்தனர். ஆனால் பதிவுகள் வேறு கதை சொல்லின. 1978-இல் மெக்கார்ட் வெளியிட்ட முடிவுகளின்படி, உதவி பெற்றவர்கள் எந்த ஒரு வகையிலும் மற்றவர்களைவிட மேலான நிலையில் இல்லை. அது மட்டுமன்று. இளவயதில் இறப்பு, கடுங்குற்றத்துக்காகத் தண்டனை, குடிநோய், தீவிர மனநோய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானவர்கள் உதவி பெற்றவர்களிடையேதான் அதிகம். நீண்ட காலமும் நெருக்கமாகவும் உதவி பெற்றவர்களுக்கே தீங்கு கூடுதலாக நேர்ந்திருந்தது. திட்டத்தோடு ஒத்துழைக்காத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. 2019-இல் வேறு ஆய்வாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தைக் கணக்கிட்டு வெளியிட்ட ஆய்வில், மொத்த ஆயுட்காலத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் நேர்மை கருதி இங்குக் குறிப்பிட வேண்டும். இளமையில் நேர்ந்த தீங்கு முதுமை வரை இறப்பைத் துரத்தவில்லை என்பது ஓர் ஆறுதலே. ஆயினும் அத்தனை அன்பும் உழைப்பும் நன்மையாக விளையவில்லை என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

ஏன் இவ்வாறு ஆயிற்று? மெக்கார்ட் பல காரணங்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. தீங்கு பெரிதும் குவிந்திருந்தது கோடை முகாமுக்குச் சென்றவர்களிடம். அதிலும் ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம். முகாமில் நல்ல காற்று உண்டு, நல்ல உணவு உண்டு, விளையாட்டு உண்டு. கூடவே, பெரியவர்களின் கண் படாத நீண்ட பொழுதுகளும் உண்டு. அப்பொழுதுகளில் சிறுவர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியர்களாகிவிட்டனர் என்பதே பிற்கால ஆய்வாளர்கள் கண்ட விளக்கம்.

இவ்விளக்கத்தை முதன்முதலில் படித்தபோது, நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில் 1980-களின் நடுப்பகுதியில் கண்டவை நினைவுக்கு வந்தன. அடங்காத பிள்ளைகள், அடிக்கடி வராத பிள்ளைகள், இருமுறை தோற்ற பிள்ளைகள் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருபத்தெட்டுப் பேரைப் பிரித்தெடுத்து, "எஃப் பிரிவு" என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அத்திட்டத்தில் எனக்குப் பங்கில்லை. வாரத்தில் நான்கு பாடவேளை அங்குத் தமிழ் சொல்லித் தந்தேன், அவ்வளவே. அமைத்தவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல இடமில்லை. பொறுமை மிக்க ஓர் ஆசிரியரை அப்பிரிவுக்கு வகுப்பாசிரியராக இட்டார்கள். பாடச்சுமையைக் குறைத்தார்கள். மாலையில் விளையாடப் பந்தும் வாங்கித் தந்தார்கள்.

முதல் மூன்று மாதங்கள் அமைதி நிலவியது. மற்றப் பிரிவுகளில் அமைதி இன்னும் அதிகமாக நிலவியது. ஆகவே அனைவரும் மகிழ்ந்தார்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அப்பிள்ளைகளின் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. "நாங்க எஃப்பு" என்று அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அதில் வெட்கம் இல்லை, பெருமை இருந்தது. எவன் எந்த ஆசிரியரை எப்படி ஏய்த்தான் என்பதே அவர்களுடைய பேச்சு. அப்பேச்சுக்குக் கிடைக்கும் சிரிப்பே அவர்களுடைய பரிசு. கடையில் தகப்பனாருக்கு உதவியாக நிற்பதால் பள்ளிக்கு ஒழுங்காக வர முடியாத ஒரு சிறுவனும் அந்த இருபத்தெட்டுப் பேரில் இருந்தான். வாய் திறந்து பேசாதவன், எவரோடும் சண்டையிடாதவன். வருகைப் பதிவைக் கொண்டு அவனையும் அங்கே சேர்த்திருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவன் புகைபிடிக்கக் கற்றிருந்தான். அடுத்த ஆண்டு பள்ளியைவிட்டே நின்றுவிட்டான். அவனைக் கெடுத்தது எவன் என்று பெயர் சொல்ல முடியாது. பிள்ளைகளைச் சேர்த்து வைத்த அந்தச் சேர்க்கைதான் கெடுத்தது.

சிரிப்பே பரிசு என்றேன். இதனை அளந்து பார்த்தவரும் உண்டு. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் டிஷியன் என்ற ஆய்வாளர், பதின்ம வயதுப் பையன்களை நண்பனோடு இருவர் இருவராக அமர்த்திப் பேசவிட்டு, அப்பேச்சைப் படம் பிடித்தார். விதியை மீறும் பேச்சு எழும்போது மற்றவன் என்ன செய்கிறான் என்பதைக் கவனித்தார். சில இணைகளில் அப்பேச்சுக்குச் சிரிப்பு கிடைத்தது. சில இணைகளில் கிடைக்கவில்லை. சிரிப்பு கிடைத்த இணைகளைச் சேர்ந்தவர்களே பின்னாளில் குற்றத்திலும் வன்செயலிலும் அதிகம் ஈடுபட்டனர்.

அதே ஆய்வாளர் தம் சகாக்களோடு நடத்திய வேறொரு திட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. வழிதவறும் அறிகுறி தென்பட்ட, பதின்ம வயதின் வாயிலில் நின்ற பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் பிரித்தனர். ஒரு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு மட்டும் குழுவாகப் பயிற்சி. ஒரு பிரிவில் இருவருக்கும். பயிற்சிக் காலம் பன்னிரண்டு வாரங்கள். தன்னடக்கம், இலக்கு அமைத்தல், நல்ல நட்பைத் தேர்தல் என்று பாடங்கள் யாவும் நல்லவையே. ஆயினும் குழுவாகக் கூடிய பிள்ளைகளிடம் புகைபிடித்தலும், ஆசிரியர்கள் முறையிட்ட குற்றங்களும் ஓராண்டில் கூடின. மூன்றாண்டுகளுக்குப் பின்னும் அவ்வேறுபாடு மறையவில்லை. பாடம் நடக்கும்போதல்ல, பாடத்துக்கு முன்னும் பின்னும் இடையிலும் கிடைத்த சின்னஞ்சிறு பொழுதுகளில்தான் உண்மையான பாடம் நடந்திருந்தது.

இவற்றைப் படிக்கும் எவருக்கும் சோர்வு தோன்றுவது இயல்பே. பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லதா என்ற கேள்வி எழும். அல்ல என்பதற்குக் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரம் சான்றாக இருக்கிறது. அங்கே ரிச்சர்ட் டிரம்பிளே என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும், வறிய பகுதிகளிலுள்ள 53 பள்ளிகளின் மழலை வகுப்புகளில் 1984-இல் தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்களைப் பின்தொடர்ந்தனர். அவர்களுள் மிகவும் அடங்காதவர்கள் என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஏழு வயது முதல் ஒன்பது வயது வரை இரண்டாண்டுகள் பயிற்சி அளித்தனர். பள்ளியில் நண்பகல் உணவு வேளையில் சிறு குழுக்கள் கூடின. ஒருவரோடொருவர் பேசிப் பழகுவது எப்படி, சினம் வரும்போது செய்வது என்ன என்பவை பாடங்கள். வீட்டில் பெற்றோருக்கும் தனியே பயிற்சி நடந்தது. பிள்ளை செய்யும் நல்லதைக் கண்டு பாராட்டுவது, அடிக்காமல் தண்டிப்பது, சொன்ன சொல்லில் நிற்பது, பிள்ளை எங்கே யாரோடு இருக்கிறான் என்று அறிந்திருப்பது ஆகியவை அதில் இடம்பெற்றன.

அக்குழுக்களின் அமைப்பில்தான் நுட்பம் இருக்கிறது. அடங்காத பிள்ளைகளை மட்டும் அவர்கள் ஒன்றுகூட்டவில்லை. அடங்காத ஒருவனுக்கு ஏறக்குறைய மூவர் என்ற கணக்கில், இயல்பாகவே நற்பழக்கம் உடைய சிறுவர்களை உடன் அமர்த்தினர். விதி மீறும் பேச்சுக்குச் சிரிப்புக் கிடைக்க வேண்டுமானால் சிரிப்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? மூவர் சிரிக்காத இடத்தில் ஒருவனின் வீறாப்பு எவ்வளவு நேரம் நிற்கும்?

அச்சிறுவர்கள் 24 வயதை எட்டியபோது கணக்கெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 46 விழுக்காட்டினர் உயர்நிலைப் படிப்பை முடித்திருந்தனர். பெறாதவர்களில் 32 விழுக்காட்டினர். குற்றப் பதிவு உடையவர்கள் முன்னவரில் 22 விழுக்காடு; பின்னவரில் 33 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோர் படிப்பை முடிக்கவில்லை என்பதையும் இந்த எண்கள் மறைக்கவில்லை. எந்தத் திட்டமும் மந்திரக்கோல் அன்று. ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் நிலைத்து நின்ற வேறுபாடு இது. ஆண்டறிக்கையின் நன்றியுரையைவிட இதற்கு நான் அதிக மதிப்புத் தருவேன்.

பெற்றோர் பங்கைப் பற்றி ஒரு சொல். எங்கள் ஊரில் வாப்பா சபரில் இருக்கும் வீடுகளே மிகுதி. பதின்மூன்று வயதில் ஒரு பையன் உம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிடுகிறான். அதட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. தொலைபேசியில் வரும் வாப்பாவின் குரல் வாரம் ஒருமுறை அறிவுரை சொல்லி ஓய்ந்துவிடுகிறது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அந்த உம்மாவின் முகம் வெளிறிவிடும். நல்ல செய்திக்காக அவரை எவரும் அழைத்ததில்லை.

என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், இந்த ஆய்வுகள் எதையும் படிக்காமலே இரண்டு பழக்கங்களைக் கைக்கொண்டிருந்தார். நான்கு பேர் அமரும் பெஞ்சில் முரட்டுப் பிள்ளை ஒருவனையும், நிதானமான பிள்ளைகள் மூவரையும் அமர்த்துவார். ஒரு பெஞ்சில் இரு முரடர்கள் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டாவது, முரட்டுப் பிள்ளையின் தாயை மாதம் ஒருமுறை வரவழைப்பார். "உங்க மகன் இந்த மாசம் ரெண்டு கணக்கைக் கரும்பலகையில போட்டுக் காட்டினான்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்பார். முதல்முறை அவ்வாறு கேட்ட தாய் ஒருவர், வேறு ஏதோ கெட்ட செய்தி பின்னால் வரப்போகிறது என்று எண்ணிக் கதவருகே நெடுநேரம் நின்றுகொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயின் மகன் இன்று இரும்புக் கடை நடத்துகிறான். அவனோடு பெஞ்சில் இருந்த மூவரில் இருவர் இன்றும் அவனுக்கு நெருங்கிய நண்பர்கள். அதே முறையில் அமர்த்தப்பட்டும் கைவிட்டுப் போன பிள்ளைகளும் உண்டு. ஒருவனைக் கொண்டு விதி வகுக்க முடியாது. அதனால்தான் மாண்ட்ரியலின் எண்கள் எனக்குத் தேவைப்படுகின்றன.

சிறுவயதில் தவறவிட்டால் பதின்ம வயதில் ஒன்றும் செய்ய இயலாதா? சிகாகோ நகரத்தின் அனுபவம் இங்கு உதவுகிறது. டோனி டிவிட்டோரியோ என்ற ஆலோசகர், பள்ளிகளில் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் 2001-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். "ஆண்மகனாக ஆதல்" என்பது அதன் பெயரின் பொருள். வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளில் வாரம் ஒருமுறை, பள்ளி வேளையிலேயே ஒரு மணி நேரம் பையன்கள் குழுவாகக் கூடுவார்கள். அவர்கள் செய்யும் பயிற்சிகளுள் ஒன்றைக் கேளுங்கள். இருவரில் ஒருவன் கையில் ஒரு பந்து. முப்பது நொடிக்குள் அதைப் பெற வேண்டும் என்று மற்றவனிடம் சொல்லப்படும். உடனே இழுபறி, மல்யுத்தம். நேரம் முடிந்ததும் ஆலோசகர் கேட்பார்: பந்தைத் தரும்படி உங்களில் ஒருவரும் ஏன் கேட்கவில்லை? கேட்டால் தன்னைக் கோழை என்று நினைப்பான் என்பது பலருடைய விடை. பந்து வைத்திருந்தவனிடம் கேட்டால், தன்மையாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பான். சண்டையே போடாதே என்று அங்கு எவரும் போதிப்பதில்லை. கை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசி என்பதே பாடம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2009–10 கல்வியாண்டில் 18 பள்ளிகளைச் சேர்ந்த 2,740 மாணவர்களைச் சீட்டுக் குலுக்கும் முறையில் பிரித்து இதனைச் சோதித்தனர். பின்னர் 2013 முதல் 2015 வரை மீண்டும் சோதித்தனர். திட்டம் நடந்த காலத்தில் வன்குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. முதல் சோதனையில், திட்டம் முடிந்த பின் கைதுகளில் இருந்த வேறுபாடு நிலைக்கவில்லை. ஆனால் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களின் விகிதம் 12 முதல் 19 விழுக்காடு வரை உயர்ந்தது. இதில் நான் காண்பது இது: நடத்தையில் வரும் மாற்றம் தேய்ந்துபோகலாம், அந்த மாற்றம் நிலவிய காலத்தில் ஈட்டிய படிப்பு தேய்வதில்லை. அமைதியாக இருந்த ஓராண்டில் அவன் தேர்வு எழுதிவிட்டால், அது அவனுடைய உடைமை ஆகிவிடுகிறது.

அங்கும் இடர்ப்பாடுள்ள பிள்ளைகளைத்தானே ஒன்றுசேர்த்தார்கள் என்று கேட்கலாம். என் கருத்தில் வேறுபாடு இதுதான்: சிகாகோவில் கூட்டம் ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரமும் தேர்ந்த பெரியவர் ஒருவரின் கண்ணெதிரே கழிகிறது, அது முடிந்ததும் பிள்ளைகள் தத்தம் வகுப்புகளுக்குக் கலைந்துவிடுகிறார்கள். முகாமிலோ பகல் முடிந்தால் இரவு இருக்கிறது.

இனி, இவற்றையெல்லாம் இங்கு எழுத நேர்ந்த காரணத்தைக் கூறுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஊர் நலச் சங்கத்தார் ஒரு திட்டத்துடன் என்னிடம் வந்தனர். ஊரில் வழிதவறித் திரியும் பையன்கள் முப்பது பேரைப் பட்டியலிட்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் நாற்பது நாட்கள் கடற்கரைத் தோட்டம் ஒன்றில் அவர்களைத் தங்கவைத்து, பாடமும் விளையாட்டும் நல்லுரையும் அளிப்பது திட்டம். வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் பணமும் அனுப்பிவிட்டார்கள். தமிழ் நல்லுரைகளுக்கு நான் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டார்கள். மேலே கூறியவற்றை அவர்களிடம் விரிவாகச் சொன்னேன். அவர்கள் பொறுமையோடு கேட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி உரியது. "அப்படியானால் என்னதான் செய்வது, சார்?" என்றார் செயலாளர்.

தங்கும் முகாம் வேண்டாம், மாலையில் இரண்டு மணி நேரம் போதும் என்றேன். முப்பது பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவனுக்கும் நல்ல பழக்கமுடைய பிள்ளைகள் மூவர் வீதம் சேர்க்க வேண்டும் என்றேன். உம்மாமார்களுக்குத் தனியே கூட்டம் நடத்தலாம் என்றேன். எதிர்வரும் பதினைந்து ஆண்டுகளுக்கு அப்பிள்ளைகளின் படிப்பு, தொழில், வழக்கு பற்றிய குறிப்பேடு ஒன்றை இளம் ஆசிரியர் எவரேனும் பேண வேண்டும் என்றேன். அதன் கடைசிப் பக்கத்தைப் பார்க்க நான் இருக்கமாட்டேன் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். தடை எழுந்தது ஓரிடத்தில்தான்.

முப்பது பேருக்கு மூவர் வீதம் தொண்ணூறு பிள்ளைகள் வேண்டும். நல்ல பிள்ளைகள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுடைய பெற்றோர் தர முன்வரவில்லை. முகாமுக்குப் பணம் தந்தவர்களே, பிள்ளை என்றதும் பின்வாங்கினார்கள். "நாங்க கஷ்டப்பட்டு ஒழுங்கா வளர்த்து வெச்சிருக்கோம். அதுங்களோட உட்கார வெச்சா எங்க புள்ளையும் கெட்டுப்போகாதா?" என்றார் ஒருவர். அவரை நான் கடிந்துகொள்ள முடியவில்லை. கெட்ட சேர்க்கை பரவும் என்பதை மெய்ப்பிக்கும் ஆய்வுகளை அவர்முன் வைத்தவனே நான்தான்.

என் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. என் மகளின் மகனுக்கு வயது பதின்மூன்று, அமைதியான பையன். அவனை அனுப்பலாம் என்றபோது மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "வாப்பா, உங்க கணக்குல அந்தப் பையன்கள் நல்லாகலாம். என் மகனுக்கு ஏதாச்சும் ஆனா அது எந்தக் கணக்குல வரும்?"

நேர்மையான கேள்வி அது. தெரிந்ததை மட்டும் சொன்னேன்: நான்கு பேர் கொண்ட குழுவில் அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் மூவர். சிரிப்பு எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கமே வெல்லும். இரண்டு மணி நேரமும் பெரியவர் ஒருவர் உடனிருப்பார். எண்ணிக்கை மாறினால், இருவருக்கு இருவர் ஆனால், அன்றே அவனை அழைத்துக்கொள்ளலாம். அவள் மறுநாள் சம்மதித்தாள். ஆனால் மாலைதோறும் தானே வந்து வாசலில் இருந்து அவனை அழைத்துப் போவேன் என்றாள். அப்படியே செய்தாள். அவளைப் பார்த்து வேறு சில தாய்மாரும் வந்தார்கள். தொண்ணூறு பேர் சேரவில்லை. இருபத்துநான்கு பேர் சேர்ந்தார்கள். எனவே முப்பது பேர் பட்டியலில் எட்டுப் பேரை மட்டுமே எடுத்துக்கொண்டோம். எஞ்சிய இருபத்திரண்டு பேருக்கு இடமில்லை. இடம் இல்லாமற்போனது பணம் இல்லாமையால் அன்று.

அந்த எட்டுப் பேரும் இப்போது நன்றாக நடந்துகொள்கிறார்கள். "திருந்திவிட்டார்கள்" என்று எழுதத்தான் குறிப்பேட்டில் இடம் வைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு பக்கம். முதல் பக்கம் மட்டுமே நிரம்பியிருக்கிறது.

வாசக நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. வழிதவறிய பிள்ளைகளுக்காக நம்மிடம் நன்கொடை கேட்டு வருபவர்களுக்கு நாம் இல்லை என்று சொல்வதில்லை. இனி அவர்கள் வரும்போது, அப்பிள்ளைகளை யாரோடு உட்கார வைக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் பிள்ளையைத் தாருங்கள் என்று சொன்னால், உடனே மறுத்துவிடாதீர்கள். எத்தனை பேருக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம், உடனிருக்கும் பெரியவர் யார் என்று மேலும் கேளுங்கள். விடை சரியாக இருந்தால் கொடுங்கள். என் மகளைப் போல் வாசலில் காத்திருந்து அழைத்துச் செல்வதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.